மாடக்கண்ணுவின் கை அளவு

"எங்கே தப்பு நடந்ததுன்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் பேராசிரியர் சிவசைலம்.

கேட்டவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கேட்கப்பட்டவள் செண்பகவல்லி, ஒருகாலத்தில் அவரிடம் இயந்திரவியல் படித்தவள். அவருடைய பாடத்தில் ஒருமுறை தோற்று, மறுமுறை எழுதித் தேறியவள். இப்போது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு நூற்பாலையில் கொள்முதல் மேலாளர். ஆலைக்கு ஊசி வாங்குவதானாலும் எந்திரம் வாங்குவதானாலும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரக்கு விற்க வருகிறவர்கள் அவளைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதனால்தான் சிவசைலம் அவளைத் தேடி வந்தார்.

அவள் எதிரில் கிடந்த இரும்பு நாற்காலியைக் காட்டினாள். ஆசிரியர் மாணவியின் முன்னால் கைகட்டி உட்கார்ந்தார். தகப்பன்சாமி கதை கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும்.

"என்ன வாங்குனீங்க சார்?"

"கையுறை."

"யாருக்கு?"

"எங்க கேம்பஸ் பவர் ஹவுசுக்கு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்க."

அவர் சொன்னார்.

வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் பல்கலைக்கழகத்தில் ஒரே புலம்பலைப் புலம்பிவிட்டுப் போவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எந்திரத்தை வரையத் தெரிகிறது, அதற்கு ஒரு போல்ட் வாங்கி வரத் தெரியவில்லை என்று. கேட்டுக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கொள்முதல் என்று ஒரு புதுப் பாடம் வைத்தார்கள். யார் நடத்துவது என்று கூட்டத்தில் கேட்டபோது மற்ற பேராசிரியர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். சிவசைலம் ஒருவர்தான் சரி என்றார்.

ஆசையாகத்தான் நடத்தினார். அதில் குறை சொல்ல முடியாது. கரும்பலகையில் எழுதிப் போட்டு வாங்கக் கற்றுக்கொடுக்க முடியாது என்று நிர்வாகத்தோடு சண்டை பிடித்தார். வளாகத்துக்கு நிஜமாகவே தேவைப்படும் ஒரு பொருளை மாணவர்களே வாங்கட்டும் என்று அனுமதி பெற்றார். பவர் ஹவுஸ் எலக்ட்ரீஷியன்கள் கரண்ட் ஓடும் இடத்தில் வேலை செய்யும்போது போட்டுக்கொள்கிற ரப்பர் கையுறை. அதுதான் பொருள்.

"மூணு கம்பெனிகிட்ட கொட்டேஷன் வாங்கினோம்மா. மூணும் நிஜக் கம்பெனி."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கொட்டேஷன் கொடுக்கிறவரே மற்ற இரண்டையும் கொண்டுவந்து தந்துவிடுவார். தம்பி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, இரண்டிலும் விலை கொஞ்சம் கூடுதலாக. வாங்குகிறவருக்கு அலைச்சல் மிச்சம், விற்கிறவருக்கு ஆர்டர் நிச்சயம், ஆடிட்டருக்கு மூன்று காகிதம். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

"ஒருத்தர் வந்து, 'மத்த ரெண்டையும் நானே கொண்டாந்து தர்றேன் தம்பி'ன்னாரு. பிள்ளைங்க அவரை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க."

"நல்ல பிள்ளைங்க."

"டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்கினாங்க. எத்தனை வோல்ட் தாங்கும்னு பார்த்தாங்க. தயாரிச்ச தேதி பார்த்தாங்க. விலை கம்மின்னு ஓடலை. முதல்ல தரம், அப்புறம்தான் விலை."

"சரி."

"தரச்சான்றுக் குழு வந்தப்ப அந்த ஃபைலைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் காட்டினோம்."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

"ஆமாம்மா."

"அப்புறம்?"

"மாடக்கண்ணு செத்துப் போயிட்டாரு."

மாடக்கண்ணு பவர் ஹவுஸ் எலக்ட்ரீஷியன். பல்கலைக்கழகக் கலையரங்கில் விழா நடந்துகொண்டிருந்தபோது பவர் ஹவுசில் ஒரு மின் பேனலிலிருந்து புகை வந்தது. மேடையில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். மைக் நின்றால் மரியாதையாக இருக்காது. கரண்டை நிறுத்தாமல் சரிசெய் என்று மேலிடத்திலிருந்து போனில் சொன்னார்கள். கையுறைதான் வாங்கிக் கொடுத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் சொன்னார்கள்.

மாடக்கண்ணு வெறுங்கையைப் பேனலுக்குள் விட்டார். கையுறை அவருக்குப் பின்னால் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விழா நிற்கவில்லை.

"போடலைம்மா. அவ்வளவு நல்ல கையுறை, கைக்கு எட்டுற தூரத்துல தொங்குது, எடுத்துப் போடலை."

சொல்லிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாளைக்கு விசாரணை. பதிவாளர் இதுல கையெழுத்துக் கேக்கிறாரு."

செண்பகவல்லி தாளை எடுத்து, பிறர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாசிப்பது போல நிதானமாக வாசித்தாள்.

"உரிய முறையில், உயர்ந்த தரத்தில் கையுறை வாங்கி வழங்கப்பட்டிருந்தது. பணியாளர் அதை அணியவில்லை. இறப்புக்குக் காரணம் மாடக்கண்ணு என்பவரின் கவனக்குறைவு."

தாளைப் பழையபடி மடித்தாள்.

"கையெழுத்துப் போட்டா?"

"கவனக்குறைவால செத்தவங்க குடும்பத்துக்கு வேலை கிடையாதுன்னு பல்கலைக்கழக விதி. அவர் சம்சாரத்துக்கு வர வேண்டிய கருணை வேலை வராது. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்."

"போடலைன்னா?"

"அப்ப கையுறையில ஏதோ கோளாறுன்னு ஆயிடும். வாங்கினது என் பிள்ளைங்க. வாங்க வெச்சது நான்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"டீன் பதவிக்கு என் பேரு போயிருக்கு."

அதையும் மறைக்காமல் சொன்னார். மனுஷரிடம் அந்த அளவுக்கு நேர்மை இருந்தது.

"ஃபைலை வரிக்கு வரி பார்த்துட்டேன். எங்கயும் தப்பில்லை. தப்பே இல்லாம ஒரு மனுஷன் எப்படிச் சாவான்? அதான் உன்கிட்ட வந்தேன்."

"கையுறை கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவந்திருந்தார். ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரு ஜோடி, பிரிக்காத உறையோடு. துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தார்.

அவள் உறையைக் கிழித்தாள். ஒரு கையுறையின் வாயை விரித்து, காற்றைப் பிடித்து, வாய்ப்பக்கத்தைச் சுருட்டினாள். விரல்கள் ஐந்தும் உப்பி நின்றன. அதைக் கன்னத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேனும் பொத்தல் இருந்தால் கன்னத்தில் காற்று படும்.

படவில்லை.

"நல்ல சரக்கு" என்றாள்.

சிவசைலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இடம் பொருள் தெரியாமல் அது முகத்தில் வந்து நின்றது.

"போட்டுப் பாருங்க சார்."

போட்டார். விரல் நுனிவரை கச்சிதமாக உட்கார்ந்தது. தைத்துப் போட்டது போல இருந்தது.

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன போல்ட்டையும் நட்டையும் எடுத்து உருட்டிவிட்டாள்.

"மாட்டுங்க."

மாட்டினார். ஒருமுறை நழுவியது. மறுமுறை பிடித்துச் சுற்றி இறுக்கிவிட்டார்.

பேனாவையும் ஒரு வெற்றுத் தாளையும் நகர்த்தினாள்.

"பேரு எழுதுங்க. அந்தத் தாள்ல வேண்டாம். இதுல."

எழுதினார். கோணல்மாணலாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

"பார்த்தியாம்மா. போட்டுக்கிட்டே எல்லா வேலையும் பார்க்கலாம். எடுத்துப் போட உடம்பு வணங்கலை, அவ்வளவுதான்."

செத்தவர்மேல் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. இரண்டையும் அவர் ஒளிக்கவில்லை.

செண்பகவல்லி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் கை சார்?"

"கையுறைம்மா."

"கையுறையைக் கேக்கல."

"பதினோராம் நம்பர். பெரிய ஆளுங்க போடற சைஸ்."

"அதையும் கேக்கல."

அவர் விழித்தார். வகுப்பில் பதில் தெரியாத பையன்கள் விழிப்பதை எத்தனையோ தடவை பார்த்து ரசித்தவர்தான். தனக்கு வரும்போது ரசிக்கவில்லை.

"மாடக்கண்ணுவோட கை அளவு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

"செத்தவர் கையை எங்கேம்மா போய் அளக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது."

"நாளைக்கு விசாரணை."

"அப்ப இன்னைக்கே போங்க."

அவள் வேறொரு சாமானைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சிவசைலம் கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தன்னிடம் தோற்றவளிடம் போய் நின்றோமே என்று பஸ் ஏறும்வரை மனசு காந்தியது.

முதலில் பணியாளர் பிரிவுக்குப் போனார். அதுதான் படித்தவர்கள் போகும் வழி.

மாடக்கண்ணுவைப் பற்றி அங்கே எல்லாம் இருந்தது. உயரம் இருந்தது. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. ரத்தம் எந்த வகை என்று இருந்தது. சீருடைக்குத் தோள் அளவும் இடுப்பு அளவும் இருந்தன. கால் அளவுகூட இருந்தது. வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ கொடுக்க வேண்டும் அல்லவா.

"கை அளவு இருக்கா?"

எழுத்தர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"கையை எதுக்கு சார் அளக்கணும்? கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம். போதாதா?"

சிவசைலம் பவர் ஹவுசுக்குப் போகலாம் என்று நினைத்தார். போகவில்லை. அந்தப் பேனலைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார்.

மாடக்கண்ணுவின் மனைவி பூரணம் வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று யாரோ முந்திக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிச் சேதியைச் சொல்ல மட்டும் ஆட்களுக்குக் கால் வலிப்பதே இல்லை.

அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க சார். கையெழுத்து வேணுமா?"

வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவர். நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"மாடக்கண்ணுவோட கை என்ன அளவும்மா?"

"கையா?"

"ஆமா. கையுறைக்காக."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பவா சார்?"

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். போய்விடலாமா என்று நினைத்தார். அவள் தானாகவே பேசினாள்.

"சின்னக் கை சார். பொம்பளக் கைன்னு கூட வேலை பாக்கறவுக கேலி பண்ணுவாக. இண்டு இடுக்குல எல்லாம் நுழையும்னு எதுன்னாலும் இவுகளத்தான் கூப்பிடுவாக. அன்னைக்கும் அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காக."

சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனாகன்னா எனக்கு வளவி வாங்கிட்டு வருவாக. நான் கூடப் போறதில்ல. கடைக்காரன் அளவு கேட்டா தன் கையிலயே மாட்டிப் பாத்துக்கிடுவாக. கடையில எல்லாரும் சிரிப்பாகளாம். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சார். ஒரு தடவகூடத் தப்புனதில்ல."

அவள் கையில் இப்போது வளையல் இல்லை. அந்த வெறுங்கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதான் அளவு. பாத்துக்கிடுங்க."

சிவசைலம் பையிலிருந்து கையுறையை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே விளங்கவில்லை. அவள் அதை வாங்கித் தன் கையில் மாட்டினாள்.

விரல்கள் கையுறை விரல்களின் பாதியில் நின்றுவிட்டன. மீதி ரப்பர் வாடிய மிளகாய் மாதிரித் தொங்கியது. அவள் அந்தக் கையால் மூட்டையின் முடிச்சைப் பிடிக்கப் பார்த்தாள். ரப்பர் மடங்கியது. முடிச்சு நழுவியது. திரும்பவும் பிடித்தாள். திரும்பவும் நழுவியது.

மூன்றாவது தடவை அவள் முயலவில்லை. கழற்றிவிட்டு வெறுங்கையால் முடிச்சை இறுக்கினாள்.

அதைச் செய்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவுக சொன்னாக சார்" என்றாள் பூரணம். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "பெருசா இருக்கு, நட்டப் பிடிக்க முடியலன்னு ஸ்டோர்ல போய்ச் சொன்னாக. பிள்ளைக பாடத்துக்கு வாங்குனது, அதெல்லாம் மாத்த முடியாது, பெரியவுக வந்து பாப்பாக, ஆணியில மாட்டி வையின்னுட்டாகளாம்."

"என்கிட்ட யாரும் சொல்லலம்மா."

"உங்ககிட்ட எப்படி சார் வந்து சொல்லுவாக? நீங்க பாடம் நடத்திக்கிட்டு இருப்பீக."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் கையுறையின் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, இரண்டையும் சேர்த்து மடித்து, அவரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் சார், வாங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அவுக அங்கனதான இருந்தாக."

சிவசைலம் கையுறையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பவர் ஹவுஸ் அவருடைய வகுப்பறைக்கு நேர் பின்னால்தான் இருந்தது. பாடம் நடக்கும்போது அதன் இரைச்சல் தொந்தரவாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லுவார். விலை கேட்டு மாணவர்கள் சென்னைக்கு எழுதினார்கள், கோயம்புத்தூருக்கு எழுதினார்கள், மும்பைக்கும் எழுதினார்கள். அந்த ஜன்னலைத் திறந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை, ஆலை வாசலில், செண்பகவல்லி வேலைக்கு வருவதற்கு முன்பே அவர் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யவில்லை. முதல் நாள் போட்ட அதே சட்டை.

அவள் ஸ்கூட்டரை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ஏழு" என்றார் அவர்.

"யார் சொன்னா?"

"அவர் சம்சாரம். சொல்லலை. போட்டுக் காட்டினாங்க. நம்பரை நான்தான் அளவுப் பட்டியல்ல பார்த்தேன்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"பதினொண்ணு எங்கேருந்து வந்துச்சு சார்?"

அவருக்கு அது தெரியும். பூரணத்தின் வாசலில் நின்றபோதே ஞாபகம் வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"வகுப்புல ஒரு பொண்ணு கேட்டுச்சு. 'எல்லாம் எழுதியாச்சு சார், அளவுங்கிற இடத்துல என்ன போடறது'ன்னு. மணி அடிக்கிற நேரம். நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். 'ஆம்பளக் கையெல்லாம் ஒண்ணுதானே, இதையே அளந்து போடு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"ம்."

"அந்தப் பொண்ணு டேப்பைக் கொண்டாந்து என் கையை அளந்துச்சு. ஒரு மில்லிமீட்டர் பிசகாம அளந்துச்சும்மா."

"அதுக்கு என்ன மார்க் போட்டீங்க?"

"நூத்துக்கு நூறு."

ஆலைக்குள் ஷிப்ட் சங்கு ஊதியது. இரவு வேலை முடித்தவர்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வெளியே வந்தார்கள். இரண்டு பேரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"இனிமே இந்தப் பாடத்தை நான் எந்த முகத்தோட நடத்துவேன்?"

அவள் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள்.

"சரி, அதை விடு. இப்ப நான் என்ன செய்யணும்? பதினோரு மணிக்கு விசாரணை."

"நான் பர்ச்சேஸ் மேனேஜர் சார். சாமியார் இல்ல."

"அளவு தெரிஞ்சுக்கிட்டு வந்தா பதில் சொல்றேன்னியேம்மா."

"சொன்னேன்."

"சொல்லு."

செண்பகவல்லி ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள்.

"நீங்க என்ன செஞ்சாலும் அவர் எந்திரிச்சு வரப் போறதில்ல. அதை மனசுல வெச்சுக்கிட்டு எதை வேணாலும் செய்ங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டாள். போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. காவலாளி கேட்டைச் சாத்தினான்.

விசாரணை பதிவாளரின் அறையில் நடந்தது. விசாரணை என்று பெயர். பதிவாளர் இருந்தார், சட்ட ஆலோசகர் ஒருவர் இருந்தார், தட்டில் முந்திரி பிஸ்கட் இருந்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த ஃபைல் மேஜையின் நடுவில் இருந்தது. பூரணத்தை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

சட்ட ஆலோசகர் ஃபைலைத் தடவிக்கொடுத்தார்.

"அருமையான ஃபைல் சார். இந்த மாதிரி ஒரு கொள்முதல் நான் பார்த்ததே இல்ல. இது இருக்கிற வரைக்கும் பல்கலைக்கழகத்தை ஒருத்தரும் அசைக்க முடியாது."

தன் வாழ்நாளில் சிவசைலத்துக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுவாகத்தான் இருக்கும். அவர் பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார்.

பதிவாளர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். மேலே பேனாவை வைத்தார்.

"ஒரு கையெழுத்து சார். முடிஞ்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிடலாம்."

சிவசைலம் பேனாவை எடுத்தார். அவருடைய கை பெரிய கை. பேனா அதில் தீக்குச்சி மாதிரி இருந்தது. தாளை ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார். கதவு திறந்திருந்ததால் வராந்தாவில் பூரணத்தின் முழங்காலும் அதன்மேல் வைத்திருந்த கையும் மட்டும் தெரிந்தன.

"என்ன சார், போடலையா?" என்றார் பதிவாளர். "வாசகத்துல ஏதாவது தப்பா?"

"இல்ல. முறையாத்தான் வாங்கினோம். தரமும் நல்ல தரம். அவர் போடலைங்கிறதும் நிஜம்."

"கவனக்குறைவுங்கிற சொல் கொஞ்சம் கடுமையா இருக்கோ? வேணும்னா மாத்திக்கலாம்."

"வேண்டாம். அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும்" என்றார் சிவசைலம். "பேரை மட்டும் மாத்துங்க."